இரவல் காரில் இருந்த தெய்வங்கள்

எங்கள் காரில் பிள்ளையார் இருந்த இடம் ஆபத்தான இடம் என்று எனக்கு முதலில் சொன்னவள், கார்க் கம்பனியிலிருந்து தொலைபேசியில் பேசிய ஒரு பெண்பிள்ளை. பிள்ளையார் என்று அவள் சொல்லவில்லை. முன்பக்கம் இடதுபுற ஆசனத்துக்கு நேரே இருக்கும் மூடி என்றுதான் சொன்னாள். நான் பற்பசை நுரையோடு முற்றத்தில் நின்றபடி, அந்த மூடி எதுவாக இருக்கும் என்று மனதுக்குள் காரின் கதவைத் திறந்து தேடினேன். அங்கே பிள்ளையார் இருந்தார். கார் வாங்கிப் பூசை செய்த அன்று என் மனைவி பசைநாடா ஒட்டி இருத்திய, பெருவிரல் உயரப் பிள்ளையார்.

அந்தப் பிள்ளை நிதானமாக விளக்கினாள். மூடிக்குள் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கார் எங்காவது மோதினால் அதை ஊதுவதற்கு ஒரு இரும்புக் குப்பி இருக்கிறது. வெக்கையும் ஈரக்காற்றும் சேர்ந்த ஊர்களில் வருடக்கணக்காக ஓடிய கார்களில் அந்தக் குப்பிக்குள் இருக்கும் மருந்து பழுதாகிவிடுகிறது. பிறகு மோதும்போது பை விரிவதோடு குப்பியும் சேர்ந்து வெடித்து இரும்புத் துண்டுகள் பறக்கலாம். ஆகவே புதுக் குப்பி மாற்றும்வரை அந்த ஆசனத்தில் ஒருவரையும் இருத்த வேண்டாம். காரைக் கொண்டுவந்து விட்டால், சாமான் வந்துசேரும்வரை ஓடுவதற்கு வேறொரு கார் தருவார்கள்.

வெக்கையும் ஈரக்காற்றும் சேர்ந்த ஊர் என்று அவள் சொன்னதும், உலகத்தில் மட்டக்களப்பைத் தவிர வேறு ஊரே இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எங்கள் வீட்டில் உப்புப் போத்தலே தண்ணீராகி நிற்கும்.

ஒரு கேள்விதான் கேட்டேன். "ஓட்டுறவருக்கு?"

"தங்கள் பக்கத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை சேர்."

எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அது வந்த வேகத்திலேயே குசினி யன்னலால் என் மனைவி எட்டிப் பார்த்து, ஆர் போனில் என்று கண்ணால் கேட்டாள். இத்தனை வருடமும் அந்த மூடிக்கு முன்னால் இருந்து, பிள்ளையாருக்குச் செவ்வரத்தம்பூ வைத்து, என்னை மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டு வந்தவள் அவள்தான். நுரையை விழுங்கிவிட்டேன்.

எங்கள் தெருவில் என்னைப் பகிடிக்காரன் என்றுதான் தெரியும். செத்த வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் எழும்புவேன். அப்படிப்பட்டவன் அன்று காலை செய்த வேலைகளை மனைவி இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறாள். முதலில் காரின் என்ஜினுக்கு மேலே, பொனற்றில் படுத்திருந்த பூனையை விரட்டினேன். பூனையின் பாரம் எத்தனை இறாத்தல் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அடுத்து, கார் நின்ற இடத்துக்கு மேலே மாமரத்தில் ஒரு காய் தொங்குவதைக் கண்டேன். அது விழுந்தால்? கொக்கத்தடியை எடுத்துக்கொண்டுபோய் அதைப் பறித்தேன். மாங்காய் என் கைக்கு வராமல் நேரே பொனற்றில் போய் விழுந்தது. சத்தம் அடங்கியபோது நான் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தேன்.

விசயத்தைச் சொன்னதும் மனைவி பயப்படவில்லை. "அப்ப இவ்வளவு நாளும் அந்த மூடியப் பிள்ளையார்தான் அமத்திப் புடிச்சிக்கொண்டு இரிந்திரிக்கார்" என்றாள். அவரை இப்போதே கழற்றலாமா என்று கேட்டேன். கார் கம்பனிக்குப் போய்ச் சேரும்வரை அவரை அசைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

ஆகவே தனியாகத்தான் போனேன். பக்கத்து ஆசனத்தில் ஒரு தலையணையை நிமிர்த்தி வைத்து, அதற்குப் பெல்ட்டும் போட்டேன். என் ஆசனத்தைப் பின்னால் தள்ளக்கூடிய மட்டும் தள்ளி, கைகளை நீட்டி, கொதிக்கிற கஞ்சிப்பானையைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப் போல ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். வழியெல்லாம் சைக்கிள்காரர் என்னை முந்திப் போனார்கள். ஒரு மீன்காரர் முந்திப் போனபின் திரும்பிப் பார்த்து, தலையணையையும் பார்த்து, சைக்கிளை விட்டு இறங்கி நின்றே பார்த்தார்.

கம்பனியின் இடம் நகரத்துக்கு வடக்கே, ஏறாவூர் ரோட்டில் இருக்கிறது. மேசையில் இருந்தவள் தொலைபேசியில் பேசிய அதே பிள்ளை. குரலை வைத்து மூக்குக் கண்ணாடி போட்ட ஐம்பது வயதுக்காரியை எதிர்பார்த்திருந்தேன். இவளுக்கு முப்பதுகூட இராது. வானொலியில் செய்தி வாசிப்பது போன்ற தமிழ் தொலைபேசிக்கு மட்டும்தான் போலும். நேரில் எங்களைப் போலவே கதைத்தாள். காரைப் பொறுப்பெடுத்தாள். தலையணையைத் திருப்பித் தந்தாள். பிறகு, கேட்பதா விடுவதா என்று தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"சேர், களுவாஞ்சிக்குடிப் பக்கம் காரக் கிழக்கப் பாத்து நிப்பாட்டுற வழக்கம் ஏதும் இரிக்கா?"

ஏன் கேட்கிறாள் என்று விசாரித்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறாராம். என்னுடையதைப் போலவே வெள்ளைக் கார், அதே பழுது. இவள் போன் எடுத்து விசயத்தைச் சொல்லத் தொடங்கினாலே, "கிழக்கப் பாத்துத்தான் நிக்குது, போதுமா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாராம். பல தரம் இப்படி. அது ஏதும் நேர்த்தியோ, விரதமோ என்று அவளுக்கு அறிய ஆசை.

அது விரதமில்லை. அது என் மச்சான்.

மச்சான் என்றால் என் தங்கச்சியின் கணவர். களுவாஞ்சிக்குடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு என்பது வழக்கம். நான் என் மனைவியின் வீட்டில் இருக்கிறேன், அவர் என் தங்கச்சியின் வீட்டில் இருக்கிறார். ஆம்பிளைகளின் பெயரில் இருப்பது கார் ஒன்றுதான். அதனால் கார் விசயத்தில் நாங்கள் இருவரும் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டம் போடுவோம். கொழும்புக்கு ஒன்றாகப் போய், ஒரே கப்பலில் வந்து இறங்கிய இரண்டு வெள்ளைக் கார்களை ஒரே நாளில் வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டு வந்தோம். பெண்கள் இருவரும் ஒரே கடையில் இரண்டு பிள்ளையார் வாங்கி, ஒரே இடத்தில் ஒட்டினார்கள்.

அந்தக் கிழமைதான் மச்சானுக்கு ஒரு பகிடி விடும் யோசனை எனக்கு வந்தது. என் மனைவி போன் வாயில் லேஞ்சியை, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, செய்தி வாசிக்கும் தமிழில் மச்சானை அழைத்தாள். தங்கள் வாகனம் நெடுங்காலம் கடல்வழியே பயணம் செய்தபடியால் அதன் இயந்திரத்தில் உள்ள காந்தம் குழம்பியிருக்கலாம் என்றும், அது சமநிலைக்கு வரும்வரை இரவில் கிழக்கு நோக்கியே நிறுத்தவேண்டும் என்றும் சொன்னாள். மச்சான் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அவருடைய வீட்டு வளவு ரோட்டுக்கு மேற்கே. வாசலால் நுழைந்தால் கார் மேற்கைத்தான் பார்க்கும். கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவே முன்னே பின்னே எடுத்து எடுத்து அவர் ஒவ்வொரு பின்னேரமும் காரைக் கிழக்கே கிறுக்கி, திருப்பி நிறுத்தினார். தென்னையில் ஒரு தரம் தட்டியும் விட்டார். தங்கச்சி எனக்கு இதைப் புதினமாகச் சொல்லப்போய், நான் சிரிப்பை அடக்கமாட்டாமல் போனைக் கீழே போட்டேன். அதோடு பிடிபட்டது.

ஆக, கம்பனியிலிருந்து செய்தி வாசிக்கும் தமிழில் ஒரு பெண்குரல் வந்தால், அது என் மனைவி என்பது மச்சானின் முடிந்த முடிவு. அந்த முடிவின் நிழலில், பழுதான குப்பிக்கு நேரே, என் ஒரேயொரு தங்கச்சி இருந்துகொண்டு போய்வருகிறாள்.

அந்தப் பிள்ளையை என் கண் முன்னால் இன்னொரு தரம் எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். இரண்டு வசனம் பேசினாள். முகம் சிவந்து போனை மேசையில் வைத்தாள். "மச்சானுக்குப் பிளேன்டீ ஊத்திக் குடுத்திட்டுப் போய்ப் படுங்க அக்கா எண்டு சொல்றார் சேர்."

பிறகு நானே எடுத்தேன். குப்பி, மருந்து, இரும்புத் துண்டு எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார். "போன முறை காந்தம். இந்த முறை குண்டு. வர வர உன்ட பகிடி பெரிசாகுது மச்சான்" என்றார். பின்னேரம் அம்மன் கோயில் சடங்குக்குக் குடும்பமாகப் போவதற்கு ஏற்கெனவே பேசியிருந்தோம். நேரத்துக்கு வந்துசேரும்படியும், குண்டுகளை வீட்டில் வைத்துவிட்டு வரும்படியும் சொன்னார். தங்கச்சிக்கு எடுத்தேன். நான் சொல்லி முடிக்குமுன் அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவளுடைய சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அன்று அதைக் கேட்கவே முடியவில்லை. மச்சான் கடைக்கு நடந்துதான் போவார். கார் பின்னேரம்வரை வளவில் கிழக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதுவரை தவணை உண்டு என்று மனதைத் தேற்றினேன்.

எனக்குத் தந்த இரவல் கார் சின்னது. வெயிலில் வெளுத்த பச்சை. கதவைத் திறந்து உள்ளே இருந்தவன், கொஞ்ச நேரம் சாவியைப் போடவே மறந்துவிட்டேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில், பிக்குமார் ஓதிக் கட்டும் பிரித் நூல் ஒன்று முடிந்திருந்தது. அதனோடு ஒரு செபமாலை தொங்கியது. முன்கண்ணாடியின் மூலையில் அரபு எழுத்தில் ஒரு ஒட்டி. கோப்பை வைக்கும் குழிக்குள் காய்ந்து கறுத்த தேசிக்காய் ஒன்று, கண்ணூறுக்கு வைத்த எலுமிச்சை. மூடிக்குக் கீழே உள்ள லாச்சிக்குள் திருநீற்றுப் பொட்டலம். கியருக்குப் பக்கத்தில், சில்லறை போடும் தட்டில், ஒரு சாண்கூட இல்லாத மாதா சிலை, மடித்த வெள்ளைத் துணியின்மேல்.

இது ஆருடைய கார் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். கம்பனியுடையதுதானாம். குப்பிக்காகக் காரை விட்டுப்போகும் ஆட்களுக்கு மாறி மாறிக் கொடுப்பது. "கழுவுவம், துடைப்பம், ஆனா இதுகள மட்டும் தொடமாட்டம் சேர். ஒருத்தர் கட்டினத அடுத்தவர் கழட்டப் பயப்புடுறார். எங்களுக்கும் பயம்தான்." செபமாலை நகரத்தில் இருக்கும் ஒரு பறங்கி ஐயாவுடையதாக இருக்கலாம் என்றாள். மற்றது அவளுக்குத் தெரியாது.

எனக்கு உடனே உசார் வந்துவிட்டது. பயத்தில் இருப்பவனுக்கு இன்னொருவரின் பயத்தைக் கிளறிப் பார்ப்பது எவ்வளவு ஆறுதல்! வந்தாறுமூலையில் கம்பஸ் கந்தோரில், பல்கலைக்கழக அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. அங்கே போகும் வழியெல்லாம் துப்பறிந்துகொண்டே போனேன். என் ஆசனம் மிகவும் முன்னால் இழுத்து விடப்பட்டிருந்தது. அப்படியானால் கடைசியாக ஓட்டியவர் கட்டையானவர், அல்லது என்னைப் போலில்லாமல் பயமில்லாதவர். கால்மிதியின் அடியில் நெல்மணி கிடந்தது. ஆரோ வட்டைக்கு, வயலுக்கே கொண்டு போயிருக்கிறார்கள். பின் ஆசனத்தில் அத்தர் வாசம். அந்தப் பிரித் நூல்காரர் எங்கிருந்து வந்திருப்பார்? மகாஓயாப் பக்கமா? எல்லோருக்கும் அதே தொலைபேசி வந்திருக்கும். அதே குரல். எல்லோரும் வேறொரு நல்ல காரைக் கையில் வாங்கியும், பயத்தைப் பழைய காரோடு விட்டுவிட்டு வர முடியாமல், காவலுக்கு ஆளாளுக்கு ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கண்டேன். இத்தனை காவல் இருந்தும், இடதுபக்க மூடியில் ஒன்றும் இல்லை. மூடியின் நடுவில் வட்டமாகப் பசை காய்ந்த அடையாளம் மட்டும் இருந்தது. அதில் இருந்தவர் எங்கே? அன்று முழுக்க என் மண்டையைக் குடைந்தது அந்த வட்டம்தான்.

விடை மத்தியானம் கிடைத்தது. அரைநாள் லீவு போட்டுவிட்டு வரும்போது ஏறாவூரில் தேநீர்க் கடைக்கு முன்னால் காரை நிறுத்தினேன். தேநீர் குடிக்கத்தான். ஆனால், சனம் கூடுகிற இடத்தில் நிறுத்தினால் ஆராவது காரை அடையாளம் காணக்கூடும் என்ற நப்பாசையும் இருந்தது. பாதித் தேநீரில் தொப்பி போட்ட ஒரு மனிதர் காரைச் சுற்றி வந்தார். கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துக் கண்ணாடியால் உள்ளே பார்த்தார். எழும்பிப் போனேன்.

"அண்ணன், இந்தக் கார் எங்கிட்ட இரிந்தது" என்றார், கூடப் படித்தவனைக் கண்ட முகத்தோடு. புடவைக் கடை வைத்திருப்பவர். அரபு ஒட்டி அவருடையது. அது இன்னும் ஒட்டியபடி இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தாராம். கதவைத் திறந்து விட்டேன். ஆசனத்தில் இருந்து, ஒட்டியைத் தடவி, செபமாலையையும் நூலையும் பார்த்து, இதுகள் தனக்கு முந்தியே இருந்தவை, தேசிக்காய் மட்டும் புது ஆள் என்றார். அவருக்குப் பிறகு ஒருவர்தான் எடுத்திருக்கிறார் என்பது என் கணக்கு. நெல்மணிக்காரரும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

மூடியில் இருந்த வட்டத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"மாதா அதிலதான் இரிந்தவ. எனக்கெண்டா மனசு கேக்கல்ல. வெடிக்கிற இடம்தானே அது."

இந்தக் காரில் அந்தப் பழுது இல்லையே என்றேன். தெரியும் என்றார். கம்பனியிலும் சொன்னார்களாம். ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்றதாம். தன் கை பட்டால் சரியோ பிழையோ என்று யோசித்து, கடையிலிருந்து புதுத் துணி ஒரு துண்டு வெட்டி வந்து, அதனால் பிடித்து மெதுவாகக் கழற்றி, கீழே தட்டில் மெத்தை போட்டு இருத்தினாராம். "அவவுக்கு ஒண்டும் ஆகக் கூடாதெல்லா" என்றார்.

இதற்கு ஒரு பகிடி சொல்லியிருக்க வேண்டும். பதிலுக்கு அவருக்கும் ஒரு தேநீர் சொன்னேன்.

பின்னேரம் மனைவியை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் தெற்கே போனேன். அவள் இரவல் காரின் முன் ஆசனத்தில் இருந்து ஒவ்வொரு தெய்வத்தையும் பற்றி விசாரித்தாள். தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில் அவள், லேஞ்சி சுற்றிப் பேசியது தான்தானே என்று ஆரம்பித்தாள். யோசனை என்னுடையது என்று நான் சொல்ல, குரல் என்னுடையது என்று அவள் சொல்ல, களுவாஞ்சிக்குடி போய்ச் சேரும் மட்டும் அந்த வழக்கு நடந்தது. நான் மச்சானிடம் சொல்லப் போவதை மனதுக்குள் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அது ஒரு நல்ல பகிடி போலவே இருந்தது. என் குரலுக்கு வேறு மெட்டுத் தெரியாது.

நாங்கள் போகும்போது மச்சான் வேட்டி கட்டி, காரை வாசலுக்கு நேரே எடுத்து விட்டிருந்தார். உண்மையில் எடுக்க ஒன்றும் இல்லை. கிழக்கே பார்த்து நின்றால் ரோட்டுக்கு நேரே வந்துவிடலாம். பகிடி என்று தெரிந்த பிறகும் அவர் அப்படியே நிறுத்திப் பழகிவிட்டார். தங்கச்சி பூத்தட்டோடு இடது கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள்.

மச்சான் பச்சைக் காரைக் கண்டதும் கை தட்டினார். "கார் வாடகைக்கு எடுத்தா மச்சான் பகிடி விடுற? இவ்வளவு மினக்கெடுவாய் எண்டு நான் நினைக்கல்ல."

நேரே அவருடைய காரடிக்குப் போனேன். தங்கச்சியைத் தாண்டிக் குனிந்து காருக்குள் பார்த்தேன். மூடியின்மேல் அவளுடைய பிள்ளையார் இருந்தார். எங்களுடையவரின் கூடப்பிறந்தவர். தலையில் அன்றைய பூ. சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, அதனால் அவரைச் சுற்றிப் பிடித்தேன். இழுத்தேன். வரவில்லை. பெண்கள் ஒட்டினால் ஒட்டியதுதான். மூடியில் கை அழுந்துகிறதே என்று பயம். விடவும் மனமில்லை. மெல்ல மெல்ல அசைத்து, நகத்தால் நாடாவைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். மச்சான் பின்னால் நின்று, பிள்ளையாரும் கிழக்கே பார்க்க வேண்டுமா என்று கேட்டார். அது நல்ல பகிடி. வேறொரு நாளென்றால் நானே சிரித்திருப்பேன்.

"இஞ்ச பாருங்க," என்றாள் தங்கச்சி அவரிடம். "அண்ணன்ட கை நடுங்குது."

நான் நிமிரவில்லை. பிள்ளையார் கழன்று வந்தார். லேஞ்சியோடு நெஞ்சில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் பொய்க்கு அழுகிறேனா, மெய்க்கு அழுகிறேனா என்று கண்டுபிடிக்க அவள் பார்க்கும் அதே பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை. வாயைத் திறந்தால் பழக்க தோசத்தில் ஏதாவது வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள். பூத்தட்டோடு நடந்து போய் இரவல் காரின் இடது கதவைத் திறந்தாள். என் மனைவி இறங்கிப் பின்னால் மாறினாள். தங்கச்சி முன்னால் இருந்து, கையை நீட்டி, பிள்ளையாரைத் தரச் சொன்னாள். மாதாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

"வாறதெண்டா வாங்க" என்றாள் புருசனிடம். "நான் அதில இனி ஏறமாட்டன்."

மச்சான் சாவியைக் கையில் குலுக்கிக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு தன் காரைப் பூட்டிவிட்டு வந்து, பின் ஆசனத்தில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஏறினார். கோயில் வாசலில் இறங்கும்போதுதான் மச்சான் என் காதருகே வந்து கேட்டார்.

"அந்தக் கம்பனிப் புள்ள, மெய்யாவே கம்பனிப் புள்ளதானா?"

"ஓம்."

"அவவ நான் போய்ப் படுக்கச் சொல்லிரிக்கன் மச்சான்."

அடுத்த கிழமை முதல் நாளே மச்சான் ஒரு சட்டி எருமைத்தயிரோடு கம்பனிக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கூடப் போனேன். தயிர்ச்சட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் மேசைக்குக் கீழே வைத்தாள். அவருடைய காரைக் கம்பனியே வந்து ஏற்றிக்கொண்டு போனது. இரவலுக்கு வேறு கார் கையில் இல்லாதபடியால், சாமான் வரும்வரை இரண்டு குடும்பத்துக்கும் அந்தப் பச்சைக் கார்தான். அந்த நாட்களில் நானும் மச்சானும் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். நான் ஆசனத்தைப் பின்னால் தள்ளுவேன், அவர் முன்னால் இழுப்பார். நெல்மணிக்காரர் ஆர் என்று இருவரும் வட்டையில் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டோம். இன்றுவரை பிடிபடவில்லை. தேசிக்காய் மட்டும் இன்னும் சுருங்கிப் பாக்களவு ஆனது. எடுத்து எறிய நால்வரில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

கார்கள் திருத்தி வந்தன. மூடியின்மேல் ஒன்றும் ஒட்டக் கூடாது என்று அந்தப் பிள்ளை கண்டிப்பாகச் சொன்னாள். ஒட்டினால், பை விரியும்போது அது கல்லைப் போல முகத்துக்கு வருமாம். எங்கள் பிள்ளையார் இப்போது வீட்டில் சாமித் தட்டில் இருக்கிறார். தங்கச்சியுடையவர் மாதாவோடு பச்சைக் காரிலேயே தங்கிவிட்டார். எடுக்கலாமா என்று கேட்டதற்கு, அடுத்து வருகிற ஆளுக்கும் ஆராவது வேண்டுமே என்றாள் தங்கச்சி.

போன மாதம் ஒரு பின்னேரம் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. தெரியாத இலக்கம். செய்தி வாசிக்கும் தமிழில் ஒரு பெண்குரல். திருத்தம் செய்யப்பட்ட வாகனங்களைப் புதிய குப்பி நன்கு படியும்வரை வடக்கு நோக்கி நிறுத்துமாறு அன்போடு கேட்டுக்கொண்டது. குரல் லேஞ்சிக்குள்ளால் வருவது போல இருந்தது. எட்டத்தில் ஆரோ இருமுவது போலச் சிரிப்பை விழுங்குவதும் கேட்டது. அந்த இருமல் எனக்கு நன்றாகத் தெரியும். இரும்புச் சாமான் கடையில் கேட்கிற இருமல். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

மாமரத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். பகிடிதான், சந்தேகமே இல்லை. நூற்றுக்கு ஒரு பங்கு பகிடி இல்லாமலிருந்தால்? நாளைக்குக் காலையில் கதவைத் திறந்து அந்தப் பக்கத்தில் ஏறி இருக்கப் போகிறவள், குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

சாவியை எடுத்துக்கொண்டு போய், ஒருவரும் பார்க்கவில்லை என்று பார்த்துவிட்டு, காரை வடக்கே கிறுக்கி நிறுத்தினேன்.